சந்தனம் வைத்த ஃப்ளாப்பி

சாமுண்டீஸ்வரிக்கு ஒரு விஷயத்தை ஒரே தடவையில் ஒப்புக்கொள்ளும் வழக்கம் பிறந்ததிலிருந்தே கிடையாது. அவள் அப்பா செங்கல்வராயன் அம்பத்தூர் ஒரகடத்தில் அடுத்தவர் கழனியில் கூலிக்கு அறுத்தவர். கழனியெல்லாம் தொழிற்பேட்டையாகிப் போனபின், நெல்மூட்டை தூக்கிய அதே மண்ணில் இரும்புச் சாமான் தூக்கினார். பெண்ணும் ஏதாவது கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகட்டும் என்று அவர் சொன்னபோது, பதினாறு வயதுப் பெண் முடியாது என்றாள். தட்டெழுத்துப் பயிற்சிக்குப் போனாள். தமிழில் ஹையர் பாஸ் செய்து சர்ட்டிபிகேட்டைக் கொண்டுவந்து அப்பா சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் கைகழுவிவிட்டு அதை எடுத்துப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்பதை அன்று ஒருநாள் மட்டும் அவள் சொல்லாமல் விட்டாள்.

கல்யாணமாகித் திருமுல்லைவாயில் வந்தாள். புருஷன் வேம்புலி, ஐயப்பன்தாங்கல் டிப்போவில் பஸ்களுக்கு டயர் மாட்டுகிறவன். இவள் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஸ்ரீ ஜம்புலிங்கம் அச்சகத்தில் சேர்ந்தாள். முதலாளி பக்தவத்சலம் நல்ல மனுஷன்தான். எதையும் நேருக்கு நேர் முடிவு செய்யமாட்டார், அவ்வளவே. யாராவது சண்டைக்கு வந்தால் மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார். அவர் மனைவி நாகம்மா அச்சகத்துக்குப் பின்னாலேயே குடியிருந்ததால், பத்து மணிக்கு எல்லோருக்கும் காபி வந்துவிடும்.

எண்பத்தொன்பதில் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து பக்தவத்சலம் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிவந்தார். அதோடு ஒரு பிரிண்டரும், தமிழ் அடிக்கிற புரோகிராமும் வந்தன. தமிழ் தட்டெழுத்து தெரிந்தவள் சாமுண்டி ஒருத்திதான் என்பதால் அதன் முன்னால் அவள் உட்கார்ந்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா நோட்டீஸ், யூனியன்காரர்களின் கண்டனக் கூட்டம் என்று எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் வெளியே போயின.

ஆனால் அந்தப் புரோகிராமோடு வந்த தமிழ் எழுத்து பார்க்கச் சகிக்காது. அதைச் செய்தவனுக்குத் தமிழ் தெரியுமோ தெரியாதோ, தமிழ் மேல் ஏதோ கோபம் இருந்திருக்க வேண்டும். ‘ழ’ பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஒருநாள் வேலையில்லாத மத்தியானத்தில், புரோகிராமுக்குள்ளேயே எழுத்தைத் திருத்த ஓர் இடம் இருப்பதைச் சாமுண்டி கண்டுபிடித்தாள். கட்டம் கட்டமாக இருக்கும். எந்தக் கட்டத்தை நிரப்புகிறோமோ அது புள்ளியாகும். புள்ளிகள் சேர்ந்தால் எழுத்து. அவள் ‘ழ’வை நிமிர்த்தி உட்காரவைத்தாள். உட்காரவைத்தபின் பக்கத்தில் நின்ற ‘ள’ அசிங்கமாகத் தெரிந்தது. ‘ள’வைத் திருத்தினால் ‘ண’ முறைத்தது. இப்படி ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு, வருஷக் கணக்கில், கடைசியில் அந்த மிஷினில் அவள் வரையாத எழுத்தே இல்லை என்றாகிவிட்டது. தும்பிக்கை தூக்கிய பழைய ‘லை’தான் வேண்டும் என்று கோயில் தர்மகர்த்தாக்கள் பிடிவாதம் பிடித்தார்கள். எழுத்துச் சீர்திருத்தத்தில் சர்க்கார் வெட்டிவிட்ட அந்தத் தும்பிக்கையையும் அவள் ஒட்டிக்கொடுத்தாள்.

பெயர் பரவியது. “சாமுண்டி எழுத்துல போட்டுக் குடுங்க” என்று கேட்டுக்கொண்டு வானகரத்திலிருந்தும் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்தும் ஆட்கள் பஸ் மாறி வந்தார்கள்.

பத்திரிகையின் அடியில் அச்சகத்தின் பெயரைப் பொடி எழுத்தில் போடுவது வழக்கமில்லையா, அதற்குப் பக்கத்தில் ‘எழுத்து: சாமுண்டி’ என்று போடலாமா என்று ஒருமுறை அவள் முதலாளியைக் கேட்டாள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“சாம்பார்ல சமையக்காரன் பேர் எழுதுவானாம்மா?”

“சாம்பாரு துன்னா தீந்துடும் மொதலாளி. எழுத்து தீராது.”

அவர் அதற்கும் சிரித்தார். போடவில்லை. சாமுண்டி அதை மறக்கவில்லை. அவள் எதைத்தான் மறந்தாள்.

பக்தவத்சலத்தின் பெண்ணைக் கட்டிக்கொண்டு உலகநாதன் அச்சகத்துக்குள் வந்தது அதற்குப் பிறகு. எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை சார். கம்ப்யூட்டர் படித்தவன், படித்ததை நன்றாகவே படித்தவன். அதை மறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. வந்த மாசமே அந்தப் பழைய மிஷினின் ஹார்ட் டிஸ்க் போடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இது ரொம்ப நாள் தாங்காது என்றான். காலையில் சுவிட்சைப் போட்டால் அது ஆட்டுக்கல் மாதிரி கரகரவென்று அரைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கும். சாமுண்டி பெட்டியின் இடது கன்னத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு வைப்பாள். அது அவர்களுக்குள் நடக்கும் வணக்கம்.

ஒருநாள் தட்டியும் எழுந்திருக்கவில்லை. உலகநாதன் ஒரு ஃப்ளாப்பியைச் சொருகி எழுப்பிக் காட்டினான். மிஷின் கண் விழிக்க யாராவது அதன் காதில் முதல் வார்த்தை சொல்லவேண்டும், வழக்கமாக அதைச் சொல்வது ஹார்ட் டிஸ்க், அதற்கு முடியாதபோது முறையாகத் தயார் செய்த ஒரு ஃப்ளாப்பியே சொல்லும் என்று விளக்கினான். அந்த மாதிரி ஃப்ளாப்பியை எப்படித் தயார் செய்வது என்றும் சொல்லிக்கொடுத்தான். பின்னாளில் இதை நினைத்து அவன் தலையில் அடித்துக்கொண்டிருப்பான்.

“எந்த மிஷின்ல போட்டாலும் எழுந்துக்குமா மாப்ளே சார்?”

“இதே ஜாதி மிஷின்னா எழுந்துக்கும்.”

“மிஷினுக்குமா ஜாதி வச்சிகீறாங்க?” என்றாள் சாமுண்டி.

தொண்ணூற்று நாலில் விஷயம் வெடித்தது. புது கம்ப்யூட்டர் வருகிறது, பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறோம், ஆயுத பூஜை முடிந்து விஜயதசமி காலையில் டீலர் வந்து மாற்றிக்கொண்டு போவார் என்று உலகநாதன் அறிவித்தான். அதுவரை சாமுண்டி ஒன்றும் சொல்லவில்லை. புதுசு வந்தால் கற்றுக்கொள்வாள், அவளுக்கென்ன. ஆனால் பழைய மிஷின் பூந்தமல்லியில் இன்னொரு அச்சகத்துக்குப் போகப்போகிறது என்பதும், அவர்கள் கேட்டதே சாமுண்டி எழுத்துக்காகத்தான் என்பதும், அந்த எழுத்து இந்தப் பெட்டிக்குள் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று டீலரிடம் உலகநாதன் வாக்குக் கொடுத்திருக்கிறான் என்பதும் காபி நேரத்தில் வெளியே வந்தன. அப்புறம் சும்மா இருப்பாளா?

“எனக்கு ஒரு காப்பி எடுத்துக்கறேன்” என்றாள்.

கூடாது என்றான் உலகநாதன். சம்பளம் வாங்கிக்கொண்டு, கம்பெனி மிஷினில், கம்பெனி நேரத்தில் வரைந்தது. அது கம்பெனி சொத்து.

“சம்பளம் டைப் அடிக்கறதுக்குக் குடுத்தீங்க. வரையச் சொல்லி யாரு சொன்னா? நான் வரஞ்சுகினு இருக்கசொல்ல, இன்னா வெட்டி வேலைன்னு கேட்டதே மொதலாளிதான். கேட்டீங்களா இல்லையா மொதலாளி?”

பக்தவத்சலம் மின்விசிறியைப் பார்த்தார்.

“மிஷின் உங்களுது மாப்ளே சார். தாராளமா வித்துக்குங்க. எழுத்து என்னுது.”

சட்டம் யார் பக்கம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒருவேளை அவன் பக்கமாகவே இருக்கலாம். ஆனால் ‘ழ’ சாய்ந்து நின்றபோது அந்தச் சட்டம் எங்கே போயிருந்தது?

அன்று வீட்டில் வேம்புலி சோற்றைப் பிசைந்துகொண்டே, மாப்பிள்ளைக்காரன் வேலையை விட்டுத் தூக்கிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டான்.

“வேல பூட்டா வேற வேல. எழுத்து பூட்டா இன்னா பண்றது, நீயே சொல்லு.”

வேம்புலி மறுநாள் டிப்போவிலிருந்து வரும்போது ஒரு பெட்டி புது ஃப்ளாப்பி வாங்கிவந்து கொடுத்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் பார்க்க, சாமுண்டி வேலையை ஆரம்பித்தாள். ஒளிந்து செய்ய இதென்ன திருட்டா? ஒரு கையில் தயிர் சாதம், இன்னொரு கையில் ஃப்ளாப்பி. முதலில் மிஷினை எழுப்புகிற ஃப்ளாப்பி. அப்புறம் புரோகிராம். அப்புறம் எழுத்துகள். எந்த வீட்டில் இதே ஜாதி மிஷினில் சொருகினாலும் தன் எழுத்தோடு எழுந்திருக்க வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு. உலகநாதன் வந்து சத்தம் போட்டான். அவள் ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொண்டே அடுத்ததைச் சொருகினாள். அவன் மாமனாரிடம் போனான். பூஜை முடியட்டும், பேசிக்கலாம் என்றார் பக்தவத்சலம்.

பூஜைக்குள் எல்லாம் ஃப்ளாப்பியில் ஏறிவிட்டது. அத்தோடு கதை முடிந்திருக்கும், சாமுண்டியின் பக்தி மட்டும் குறுக்கே வராமலிருந்தால்.

எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் சின்ன விஷயமில்லை. ஜம்புலிங்கம் அச்சகத்திலும் மிஷின்களையெல்லாம் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை, பூசணிக்காய் எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஆஃப்செட் மிஷின் ஓட்டும் சின்னப்பையன் (பெயர்தான் சின்னப்பையன், பேரன் எடுத்தவர்) ஸ்பேனர்களைச் சாமி முன்னால் வரிசையாக வைத்தார். பைண்டிங்காரர்கள் கத்தரியும் ஊசியும் வைத்தார்கள். பூஜை ஆனபின் எதையும் தொடக்கூடாது. மறுநாள் காலை வரை ஆயுதங்களுக்கு ஓய்வு. அன்று ஒரு சுவிட்சைப் போடுவதும் பெரிய குற்றம்தான்.

சாமுண்டிக்கு ஆயுதம் எது? அவள் யோசித்து, தன் ஃப்ளாப்பிகளைக் கொண்டுவந்து வைத்தாள். காகித உறையோடு வைப்பது செருப்புப் போட்டுக்கொண்டு சாமி கும்பிடுவது போல அவளுக்குப் பட்டது. எனவே ஒவ்வொன்றையும் உறையிலிருந்து உருவி, கறுப்புச் சதுரங்களாக வரிசையாக அடுக்கினாள். அடுக்கிவிட்டுச் சுண்டல் பாத்திரம் எடுத்துவர உள்ளே போனாள்.

நாகம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். வாசலில் தொடங்கி, கட்டிங் மிஷின், ஸ்பேனர், கத்தரி என்று ஒன்றுவிடாமல் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தவள் ஃப்ளாப்பிகளிடம் வந்தாள். சாமுண்டி மேல் அவளுக்குப் பிரியம் உண்டு. அவளுடையதை விடக்கூடாது என்று குனிந்தாள். லேபிளில் வைத்தால் எழுதியிருப்பது அழியும். அந்தக் காலத்து ஃப்ளாப்பியின் கறுப்பு மேல்தோலிலேயே நீளமாக ஒரு திறப்பு இருக்கும், அதில்தான் உள்ளேயுள்ள தட்டு தெரியும். நாகம்மாவுக்கு அது நெற்றியாகத் தெரிந்தது. ஒவ்வொரு நெற்றியிலும் ஈரச் சந்தனத்தைத் தாராளமாக வைத்தாள். அதன்மேல் குங்குமம்.

சாமுண்டி சுண்டலோடு வெளியே வந்தபோது கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பார்த்தாள். பாத்திரத்தை அப்படியே தரையில் வைத்தாள். முந்தானையால் துடைத்தால் குங்குமம் இன்னும் உள்ளே இழுபட்டுப் பரவியது.

“அதை டிரைவ்ல போட்டுடாதே, டிரைவும் போயிடும்” என்றான் உலகநாதன். சொன்னது சரிதான். அதோடு நிறுத்தியிருந்தால் அவனுக்கும் நல்லது. ஆனால் சிரித்துக்கொண்டே, “பாத்தியா, சாமியே வேணாம்னு சொல்லிடுச்சு” என்றும் சேர்த்தான்.

சாமுண்டி அவனை ஒரு பார்வை பார்த்தாள். நேராகப் போய், மானிட்டரில் தொங்கிய சாமந்திச் சரத்தை விலக்கி, கம்ப்யூட்டரின் சுவிட்சைப் போட்டாள். ஆட்டுக்கல் கரகரவென்று அரைத்தது. பக்தவத்சலம் கற்பூரத் தட்டோடு ஓடிவந்தார்.

“பூஜை போட்ட மிஷின்மா. நாளைக்குக் காலைலதான் தொடணும்.”

“நாளைக்குக் காலைல அது பூந்தமல்லிக்குப் பூடும் மொதலாளி.”

“தெய்வ குத்தம் ஆயிடும் சாமுண்டி.”

“சரஸ்வதி பூஜை அன்னிக்கு எழுத்த அழிய வுட்டா சரஸ்வதிக்குக் கோவம் வருதோ இல்லையோ, எனக்கு வரும். குத்தம்னா அந்தக் குத்தம் என் தலையில வரட்டும். நீங்க சுண்டல் துன்னுங்க.”

பெட்டியின் கன்னத்தில் ஒரு தட்டு வைத்தாள். திரை விழித்தது. இப்போது ஃப்ளாப்பிக்கு எங்கே போவது? வேம்புலி தந்த பெட்டி தீர்ந்திருந்தது, கடைகளெல்லாம் பூஜைக்கு மூடிக்கிடந்தன. அலமாரியில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் அடுக்கி வைத்த ஃப்ளாப்பிகள் இருந்தன. அவற்றை எடுத்தாள். அது அச்சகத்தின் ரிக்கார்டு, அழிக்காதே என்று உலகநாதன் கத்தினான். அவள் லேபிளைப் படித்தாள்.

“இதுங்களுக்குக் கல்யாணம் ஆயி, புள்ள பொறந்து, திருத்தணியில மொட்டையும் போட்டாச்சு. இனிமே பத்திரிகை எதுக்கு?” என்று கேட்டுவிட்டு ஒன்றை டிரைவில் சொருகி, அதன் கொக்கியைத் திருப்பினாள்.

மிஷினை எழுப்புகிறதும் புரோகிராமும் முதலில் ஏறின. அப்புறம் ஒரு ஜோடியின் முகூர்த்தம் அழிந்து ‘அ’விலிருந்து ‘ஔ’ வரை ஏறியது. இன்னொரு ஜோடியின் மேல் உயிர்மெய் ஏறியது. நாகம்மா அழுதுகொண்டே வந்து பக்கத்தில் நின்றாள். தனக்குத் தெரியாது என்றாள். உங்கள் மேல் ஒன்றுமில்லை அக்கா, உறையைக் கழற்றியது நான்தானே என்றாள் சாமுண்டி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். அதன்பின் நாகம்மா நகரவில்லை. ஏறி முடிந்த ஒவ்வொன்றையும் வாங்கி உறையில் போட்டுக் கொடுத்தாள்.

உலகநாதனால் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று மெயின் சுவிட்ச் பலகையிடம் போய்க் கையைத் தூக்கினான். நடுவில் மின்சாரம் நின்றால் ஏறிக்கொண்டிருப்பதும் போகும், அரைகுறை உயிரிலிருக்கும் ஹார்ட் டிஸ்க் மறுபடி எழுந்திருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. சாமுண்டிக்கு அது தெரியும். அவள் முதல்முறையாகப் பயந்தாள்.

“வேணாம் மாப்ளே” என்று பக்தவத்சலம் சொன்னார். மின்விசிறியைப் பார்க்காமல், மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார். “பூஜை அன்னிக்கு எரியற வௌக்க நாம அணைக்கக் கூடாது.”

உலகநாதன் கையை இறக்கினான். மிஷின் திரையை விளக்கு என்று சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும். சின்னப்பையன் வாசலில் நின்றபடி சுண்டலை மென்றார். கடைசி ஃப்ளாப்பி ஏறி முடிந்ததும் சாமுண்டி சுவிட்சை அணைத்து, சாமந்திச் சரத்தைப் பழையபடி மாட்டி, ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஃப்ளாப்பிகளை டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

விஜயதசமி காலையில் டீலர் வந்தார். பழைய மிஷினை ஓடவிட்டுக் காட்டச் சொன்னார். உலகநாதன் சுவிட்சைப் போட்டான். ஆட்டுக்கல் சத்தம் வரவில்லை. தட்டினான். சாமுண்டியும் வந்து தட்டினாள். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. நேற்று பூஜை நாளில் இவள் தொட்டாள், அதான் போச்சு என்று பைண்டிங்காரர்கள் முணுமுணுத்தார்கள். உலகநாதனும் உரக்க அதையே சொன்னான். ரொம்ப நாள் தாங்காது என்று அவனே சொல்லியிருந்தது அந்த நேரத்தில் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

சாமுண்டி பையிலிருந்து முதல் ஃப்ளாப்பியை எடுத்துச் சொருகினாள். டிரைவ் ஒருமுறை விக்கியது. பின் திரை விழித்தது. புரோகிராம் வந்தது, எழுத்து வந்தது. ‘ழ’ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள். ஆனால் கலங்கியது.

டீலருக்குப் பரம சந்தோஷம். இது போதும், ஹார்ட் டிஸ்க்கை நான் மாற்றிக்கொள்கிறேன், ஃப்ளாப்பிகளோடு கொடுத்துவிடுங்கள் என்றார். உலகநாதனின் குரல் தணிந்தது. நேற்று நடந்ததை விட்டுவிடலாம், புது மிஷினில் உட்காரப்போவதும் அவள்தான், சம்பளமும் ஏறும், ஃப்ளாப்பிகளை மட்டும் விட்டுவிடட்டும் என்றான். நியாயமான பேச்சுதான். அவன் அதுவரை அவளோடு அவ்வளவு மரியாதையாகப் பேசியதே கிடையாது. அவளுக்கு வேலை வேண்டும். வேம்புலி சம்பளத்தில் மட்டும் குடும்பம் நடக்காது என்பது அவளுக்குத் தெரியாததா?

கொக்கியைத் திருப்பி ஃப்ளாப்பியை வெளியே எடுத்தாள். உறையில் போட்டாள். உறையைப் பையில் போட்டாள்.

“மிஷின் உங்களுது மாப்ளே சார்.”

மீதியை அவள் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

எழுந்திருக்காத பெட்டி எனக்கெதற்கு என்று டீலர் போய்விட்டார். உலகநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. இனி இந்த வாசலை மிதிக்காதே என்றான். இந்தக் குப்பையையும் பிரிண்டரையும் நீயே தூக்கிக்கொண்டு ஒழி என்றான். கோபத்தில் ஆயிரம் சொல்வார்கள். ஆனால் சாமுண்டியிடம் சொல்லக்கூடாது.

“நல்ல நாளும் அதுவுமா சொல்லிட்டீங்க. சொன்ன வார்த்த மாறக் கூடாது” என்றவள், தெருவில் போன மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டாள். சின்னப்பையன் ஒரு பக்கம் பிடித்தார். பக்தவத்சலம் தடுக்கவில்லை. நாகம்மா உள்ளே ஓடி, மிஷினுக்குத் தான் தைத்திருந்த துணி உறையை எடுத்துவந்து மேலே போர்த்தினாள். நெற்றியில் முந்தைய நாள் சந்தனத்தோடு அந்தப் பெட்டி வண்டியில் ஏறித் திருமுல்லைவாயில் போய்ச் சேர்ந்தது. வேம்புலி டிப்போவிலிருந்து வந்து பார்த்துவிட்டு, இது எங்கே படுக்கும், நாம் எங்கே படுப்பது என்று மட்டும் கேட்டான்.

முதல் வருஷம் கஷ்டம்தான், அதை மூடி மறைக்கவேண்டாம். பிறகு வீட்டின் முன்னறையே கடையாயிற்று. அந்த மிஷினுக்குக் கடைசிவரை ஹார்ட் டிஸ்க் கிடையாது. தினமும் காலையில் ஃப்ளாப்பி சொருகித்தான் எழுப்புவாள். அது தேய்வதற்கு முன் அடுத்ததற்கு மாற்றி எடுத்துவைப்பாள். வானகரத்துக்காரர்கள் இப்போது வேறு பஸ்ஸில் வந்தார்கள். பத்திரிகையின் அடியில், எறும்பு அளவில் ‘எழுத்து: சாமுண்டி’ என்று போட்டாள். யாரைக் கேட்கவேண்டும்?

ஆயுத பூஜை அன்று ஊரே மிஷினை நிறுத்தும். சாமுண்டி வீட்டு மிஷின் மட்டும் நெற்றிக்குப் பொட்டு வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஓடும். ஃப்ளாப்பி பக்கம் சந்தனம் போகாது. தெருவில் சிலர் இது நல்லதுக்கில்லை என்றார்கள். எங்கள் வீட்டுச் சரஸ்வதிக்கு லீவு கிடையாது என்று பதில் சொன்னாள்.

தொண்ணூற்றொன்பது ஆயுத பூஜை அன்று, பூஜையெல்லாம் முடிந்த மத்தியானத்தில், அவள் வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. உலகநாதன். முடி கலைந்து, சட்டைப் பித்தான் மாறிப்போய் நின்றான். மாமா போய்விட்டார் என்றான். பூஜைத் தட்டை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். அவனுடைய ஆபரேட்டர் பெண் லீவில் ஊருக்குப் போயிருந்தாள். ஊரில் வேறு எந்த அச்சகமும் திறந்திருக்கவில்லை.

“அப்படியே திறந்திருந்தாலும் அத்தை வேணாம்னு சொல்லிட்டாங்க. அவருக்குச் சாமுண்டி எழுத்துலதான் போடணுமாம்.”

பூஜை அன்றைக்கு எரிகிற விளக்கை அணைக்கக்கூடாது என்று சொன்ன குரல் சாமுண்டியின் காதில் இருந்தது. அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மிஷின் விழித்துத்தான் இருந்தது.

கண்ணீர் அஞ்சலி என்று அடித்தாள். பக்தவத்சலம் என்ற பெயரைத் தன்னிடமிருந்த பெரிய எழுத்தில் போட்டாள். தோற்றம், மறைவு, இறுதி ஊர்வலம் புறப்படும் நேரம், எல்லாம் அவன் சொல்லச் சொல்ல அடித்தாள். கடைசியில் ஸ்ரீ ஜம்புலிங்கம் அச்சகத்தின் பெயரைப் போட்டாள். அதற்குப் பக்கத்தில், அந்த மனுஷன் சிரித்துத் தள்ளிய இடத்திலேயே, ‘எழுத்து: சாமுண்டி’ என்று அடித்துவிட்டு, உலகநாதனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரிண்டரிலிருந்து வந்த தாளை வாங்கி, மடியாமல் பிடித்துக்கொண்டு வெளியே போனான். எஸ்டேட்டில் சின்னப்பையன் ஆஃப்செட் மிஷினில் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அன்று சாயங்காலம் அம்பத்தூர் சுவர்களில் பக்தவத்சலத்தின் கண்ணீர் அஞ்சலி ஒட்டப்பட்டது. அடியில் குனிந்து பார்த்தவர்களுக்கு அவள் பெயரும் தெரிந்தது.